மூக்கு ஆபரேஷனுக்கு முன்: எக்ஸ்ரேயா, எண்டோஸ்கோப்பியா, சி.டி.யா, மூச்சை அளக்கும் சோதனையா?

போன ஆடியில் தம்பி ஒரு பெரிய பழுப்பு உறையைக் கையில் பிடித்துக்கொண்டு காரைக்குடி வீட்டுக்கு வந்தான். உள்ளே ஒரு எக்ஸ்ரே, ஒரு சி.டி. ஸ்கேன், இரண்டு டாக்டர்களின் சீட்டு. மூக்குத் தண்டு, அதாவது மூக்கை இரண்டாகப் பிரிக்கும் நடுச்சுவர், வளைந்திருக்கிறது, ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்றது ஒரு சீட்டு. அதோடு சைனஸையும், அதாவது மூக்கைச் சுற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறைகளையும், சுத்தம் செய்துவிடலாம் என்றது மற்றது. "ஆச்சி, எதை நம்புறது? இன்னும் மூக்குக்குள்ள குழாய் விட்டுப் பாக்கணுங்கிறாக. அதுவும் வேணுமா?" என்றான். எங்கள் பக்கம் அக்காளை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம்.

அவன் என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. 2016இல் எனக்கும் மூக்குத் தண்டை நேராக்கினார்கள். அதற்கு முன் நடந்த பரிசோதனை ஒரு எக்ஸ்ரேயும் ஒரு நிமிட டார்ச் வெளிச்சமும் மட்டுமே. பஞ்சை எடுத்த பிறகு, வீக்கம் வடிந்த பிறகு, மூன்று மாதம் போன பிறகு என்று காத்திருந்தேன். அடைப்பு அப்படியே இருந்தது. பிறகு மதுரையில் வேறொரு டாக்டர் என்னை வேகமாக மூச்சிழுக்கச் சொல்லி, எதிரே உட்கார்ந்து சும்மா பார்த்தார். இழுக்கும்போதெல்லாம் இடது மூக்கின் பக்கச் சுவர் உள்ளே ஒட்டிக்கொண்டது. தண்டு நேராகத்தான் இருந்தது. என் அடைப்புக்குக் காரணம் தண்டே அல்ல. ஒரு கருவியும் இல்லாமல் கண்ணால் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும்.

அன்றிலிருந்து மூக்கு ஆபரேஷன் என்று யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "எதைக் கண்டுபிடிக்க எந்தச் சோதனை செய்தார்கள்?" என்பதுதான். நான் டாக்டர் இல்லை, பள்ளி ஆசிரியை. கேட்டும் படித்தும் அனுபவித்தும் அறிந்ததைத் தம்பிக்குச் சொன்னபடியே இங்கே எழுதுகிறேன்.

நம் ஊர் பழைய வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். மூக்கும் அப்படித்தான். டார்ச்சும் மூக்கை விரிக்கும் கருவியும் வைத்துப் பார்ப்பது முகப்புத் திண்ணையில் நின்று எட்டிப் பார்ப்பது போல. எண்டோஸ்கோப்பி உள்ளே நடந்து போய்ப் பார்ப்பது. சி.டி. ஸ்கேன் அந்த வீட்டின் வரைபடம்: சுவர் எங்கே, கூரை எவ்வளவு உயரம், பூட்டிக் கிடக்கும் அறைக்குள் என்ன அடைந்திருக்கிறது என்று காட்டும். ஆனால் வளவில் காற்று வருகிறதா என்பதை வரைபடத்தில் பார்க்க முடியாது. அதற்கு மூச்சையே அளக்க வேண்டும்.

எக்ஸ்ரேயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நெற்றியையும் கன்னத்தையும் ஒரே நிழலாக்கித் தரும் படம் அது. எலும்பு மேல் எலும்பு படிந்து தெரியும். மூக்கு ஆபரேஷனைத் திட்டமிட அது போதாது. சிறிய ஊர்களில் இன்னும் எழுதிக்கொடுக்கிறார்கள். அதை மட்டும் பார்த்து ஆபரேஷன் என்று சொன்னால் இன்னொரு டாக்டரையும் பார்த்துவிடுங்கள்.

எண்டோஸ்கோப்பி என்றதும் வயிற்றுக்குள் விடும் நீளக் குழாயை நினைத்துத்தான் தம்பி பயந்தான். மூக்குக்கு வைப்பது பென்சிலைவிட ஒல்லியான கம்பி: பெரியவர்களுக்கு 4 மில்லிமீட்டர், இடுக்கான மூக்குக்கும் குழந்தைகளுக்கும் 2.7 மில்லிமீட்டர். இங்கிலாந்தின் ஹெரால்டு ஹாப்கின்ஸ் வடிவமைத்த கண்ணாடித் தண்டு வில்லைகள்தான் இத்தனை மெல்லிய குழாயில் இவ்வளவு தெளிவான படத்தைத் தருகின்றன. அவை 1960களில் புழக்கத்துக்கு வந்தன. மரத்துப்போகும் மருந்தும் வீக்கம் வடியும் மருந்தும் நனைத்த பஞ்சைச் சில நிமிடம் வைப்பார்கள். தொண்டையில் கசப்பு இறங்கும், கண்ணில் நீர் வரும், அவ்வளவுதான். பார்த்து முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்தப் பஞ்சை வைப்பதற்கு முன் ஒரு முறையும் வைத்த பின் ஒரு முறையும் பார்ப்பது நல்லது. மருந்து வைத்ததும் அடைப்பு முழுக்க விலகினால் குற்றம் பெரும்பாலும் வீங்கிய சதையில், அதாவது டர்பினேட்டில். அதற்கு ஒவ்வாமை மருந்தே போதுமானதாக இருக்கலாம். மருந்து வைத்தும் விலகாவிட்டால் தண்டு, எலும்பு, பாலிப் எனும் சதை வளர்ச்சி என்று வேறு காரணம் தேட வேண்டும். முன்னும் பின்னும் என்ன வித்தியாசம் என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

நம் சீமைக்காரர்களுக்கு எண்டோஸ்கோப்பி இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். ரைனோஸ்போரிடியோசிஸ் என்ற நோய் சிவகங்கை, இராமநாதபுரம், மதுரைப் பக்கம் காலங்காலமாக இருப்பது. 1900இல் அர்ஜென்டினாவில் கில்லெர்மோ சீபர் முதலில் விவரித்தாலும், உலகிலேயே அதிகம் காணப்படுவது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும்தான். ஊருணியிலும் கண்மாயிலும், குறிப்பாக மாடு குளிக்கும் தண்ணீரிலேயே குளிப்பவர்களுக்கு வருவதாகச் சொல்லப்படுகிறது. மூக்குக்குள் சிவந்த சதை, அதன் மேல் ஊசி முனை அளவு வெண்புள்ளிகள், தொட்டால் ரத்தம். கண்மாய்க் குளியல் உள்ள வீட்டில் யாருக்காவது ஒரு பக்க மூக்கில் அடிக்கடி ரத்தம் கசிந்தால் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். இந்தச் சதை எங்கே வேர்விட்டிருக்கிறது என்று பார்த்து, அடியோடு எடுத்து, அந்த இடத்தைச் சுட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் திரும்ப முளைக்கும். வேர் எங்கே என்பதைக் காட்டுவது எண்டோஸ்கோப்பி. கண்ணீர்ப் பைக்குள் போயிருக்கிறது என்ற சந்தேகம் இருந்தால்தான் ஸ்கேன் பெரிய உதவி.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே. பதின்ம வயதுப் பையனுக்கு ஒரு பக்கம் அடைப்பு, ஒரு பக்கம் ரத்தம் என்றால், ஸ்கேன் எடுக்காமல் சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்ப விடாதீர்கள். அது ரத்தக்குழாய்கள் நிறைந்த ஆஞ்சியோஃபைப்ரோமா என்ற கட்டியாக இருந்தால் ரத்தம் நிற்காமல் போகும்.

இனி சி.டி. ஸ்கேன். பலர் இது வேண்டுமா வேண்டாமா என்றே கேட்கிறார்கள். என்ன ஆபரேஷன் என்பதைப் பொறுத்தது அது. சைனஸுக்குள் போய்ச் செய்யும் ஆபரேஷன் என்றால் சி.டி. இல்லாமல் சம்மதிக்கவே கூடாது. ஒரு பக்கம் கண், மேலே மூளை. நடுவில் இருப்பது காகிதம் போன்ற எலும்பு. மோப்ப நரம்புகள் இறங்கும் பள்ளம் ஆளுக்கு ஆள் ஆழம் மாறும். கெரோஸ் என்பவர் 1962இல் அதை மூன்றாகப் பிரித்தார்: 1 முதல் 3 மில்லிமீட்டர், 4 முதல் 7, 8 முதல் 16. மூன்றாம் வகைக்காரருக்கு மூளைக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள சுவர் கருவி தவறுதலாகத் துளைத்துவிடும் இடத்தில் இருக்கிறது. டாக்டர் அதை முன்கூட்டியே படத்தில் பார்த்து வைத்திருக்க வேண்டும். கண் நரம்பு எந்த அறையை ஒட்டிப் போகிறது, மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் மேல் எலும்பு மூடியிருக்கிறதா என்பதையும் சி.டி.தான் சொல்லும்.

வெறும் தண்டு வளைவு என்றால் நிலைமை வேறு. அதைக் கண்ணாலும் எண்டோஸ்கோப்பியாலும் பார்த்தே முடிவு செய்யலாம். மூக்கின் முன்பகுதியில் இருக்கும் வளைவைப் படம் சரியாகக் காட்டாமலும் போகும். பெரியவர்களில் பெரும்பாலானோருக்குத் தண்டு கொஞ்சமாவது வளைந்துதான் இருக்கிறது. எனவே படத்தில் வளைவு தெரிவதாலேயே ஆபரேஷன் வேண்டும் என்று ஆகாது.

எப்போது எடுப்பது என்பதும் எடுப்பதா வேண்டாமா என்பதற்குச் சமமான கேள்வி. 1994இல் அமெரிக்காவில் சாதாரணச் சளி பிடித்த 31 பேருக்கு சி.டி. எடுத்துப் பார்த்தார்கள். 27 பேருக்குக் கன்னத்துச் சைனஸில் கோளாறு தெரிந்தது. இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிட்டது. ஆக, சளி பிடித்த வாரத்தில் எடுத்த படம் சளியைத்தான் காட்டும், நோயைக் காட்டாது. மூக்கில் அடிக்கும் மருந்தும் உப்புநீர்க் கழுவலும் நான்கிலிருந்து ஆறு வாரம் ஒழுங்காகச் செய்த பிறகும் மிச்சம் நிற்பதுதான் உண்மையான அடைப்பு. படத்தை அப்போது எடுக்க வேண்டும். தம்பியின் உறையில் இருந்த ஸ்கேன் எப்போது எடுத்தது என்று பார்த்தேன். தேவகோட்டையில் ஒரு கல்யாணத்துக்கு நாங்கள் எல்லோரும் போய் வந்த வாரம். எட்டு வருடமாகப் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து, பாய் தட்டி, பரண் இறக்கி, அத்தனை பேரும் தும்மிக்கொண்டிருந்த வாரம். சைனஸில் சளி இருக்கிறது என்று அந்தப் படம் சொல்லாமல் வேறு என்ன சொல்லும்?

கதிர்வீச்சைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: சும்மா இருந்தாலே ஒரு வருடத்தில் சுற்றுப்புறத்திலிருந்து சுமார் 2 முதல் 3 மில்லிசீவர்ட் நம்மேல் படுகிறது. சைனஸ் சி.டி. பொதுவாக அதைவிடக் குறைவுதான். பயந்து ஒதுக்க வேண்டியதில்லை, அதற்காக ஆறு மாதத்துக்கு ஒன்று எடுக்கவும் வேண்டியதில்லை. கர்ப்பமாக இருந்தால், இருக்கலாம் என்று சந்தேகமிருந்தாலும், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

எம்.ஆர்.ஐ. எல்லோருக்கும் அல்ல. கட்டி, கண்ணுக்கோ மூளைக்கோ பரவியிருக்கும் என்ற சந்தேகம், சர்க்கரை நோயாளிக்கு வரும் கரும்பூஞ்சை ஆகியவற்றுக்கு சி.டி.யோடு சேர்த்து எடுப்பார்கள். எலும்பைக் காட்டுவதில் அது சி.டி.க்குப் பின்தான்.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். மூச்சு வருகிறதா என்று அளப்பது.

செலவே இல்லாத சோதனை ஐந்து கேள்விகள். 2004இல் வெளிவந்த நோஸ் என்ற கேள்வித்தாள் அது. கடந்த ஒரு மாதத்தில் மூக்கு கனத்து அடைத்ததா, அடைப்பு எவ்வளவு, மூக்கால் மூச்சுவிடச் சிரமமா, தூக்கம் கெட்டதா, உடற்பயிற்சியோ கடும் வேலையோ செய்யும்போது மூக்கால் போதுமான காற்று கிடைக்கவில்லையா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கூட்டி 5ஆல் பெருக்கினால் 100க்கு எத்தனை என்று வரும். சளி, தலைவலி, வாசனை எல்லாம் சேர்த்துக் கேட்கும் 22 கேள்வித் தாளும் உண்டு. சைனஸ்காரர்களுக்கு அதுதான் பொருத்தம். சாதாரணக் கேள்விகள்தானே என்று தோன்றும். ஆனால் தண்டு ஆபரேஷன் பயன் தருகிறதா என்று பிரிட்டனில் 378 பேரை வைத்து நடத்திய ஆய்வுக்கு ஆட்களைச் சேர்த்தபோது இந்த ஐந்து கேள்வியில் 30க்குக் குறையாமல் எடுத்திருக்க வேண்டும் என்றுதான் வைத்தார்கள். ஆபரேஷனுக்கு முன் எத்தனை, பின் எத்தனை என்று தாளில் இருந்தால் யாரும் பேச்சை மாற்ற முடியாது. எனக்கு அப்படி ஒரு தாள் இல்லை.

அடுத்தது கன்னத்தை இழுத்துப் பார்ப்பது. சிகாகோவைச் சேர்ந்த மாரிஸ் காட்டில் என்ற டாக்டரின் பெயரால் வழங்குவது. மூக்கை ஒட்டிய கன்னத்தை வெளிப்பக்கமாக மெல்ல இழுத்து மூச்சிழுக்க வேண்டும். சட்டென்று காற்று தாராளமாக வந்தால் மூக்கின் வால்வுப் பகுதி இடுங்கியிருக்கலாம். துவாரத்திலிருந்து ஒன்றேகால் சென்டிமீட்டர் போல உள்ளே இருக்கும் அந்த இடம்தான் மூக்கிலேயே ஒடுக்கமானது. மூச்சுக்கு மூக்கு தரும் தடையில் பாதிக்கு மேல் அங்கேதான். ஆனால் நல்ல மூக்கு உள்ளவர்களுக்கும் இழுத்தால் கொஞ்சம் சுகமாகத்தான் இருக்கும். அதனால் டாக்டர் மெல்லிய கருவியால் உள்ளிருந்து அந்தச் சுவரை மட்டும் தாங்கிப் பிடித்துப் பார்ப்பது இதைவிட நம்பகமானது. என் கோளாறு இந்த இடத்தில்தான் இருந்தது. அன்றைக்கு அரை நிமிடம் யாராவது இதைச் செய்திருந்தால் எனக்கு வேறு ஆபரேஷன் நடந்திருக்கும்.

கருவி வைத்து அளப்பதில் மூன்று வகை. முகமூடி வைத்து மூக்கால் பலமாக இழுக்கச் செய்து நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று காட்டும் மீட்டர் மலிவானது, எளியது. ஆனால் இழுப்பவர் எவ்வளவு மெனக்கெடுகிறார் என்பதைப் பொறுத்து எண் மாறும். ரைனோமானோமெட்ரி அழுத்தத்தையும் காற்றோட்டத்தையும் ஒரே நேரத்தில் அளந்து, ஒவ்வொரு பக்கத்தின் தடையையும் தனித்தனியாகச் சொல்லும். 150 பாஸ்கல் அழுத்தத்தில் கணக்கிடுவது வழக்கம். ஒரு பக்கம் முழுக்க அடைத்திருந்தாலோ தண்டில் ஓட்டை இருந்தாலோ, வழக்கமாகச் செய்யும் முறையில் அளக்க முடியாது. அக்கூஸ்டிக் ரைனோமெட்ரி ஒலியை உள்ளே அனுப்பி எதிரொலியை வைத்து, எத்தனை தூரத்தில் மூக்கு எவ்வளவு அகலம் என்று கோடு போட்டுக் காட்டும். 1989இல் டென்மார்க்கில் ஹில்பெர்க் குழுவினர் கொண்டுவந்தது. முன்பகுதிக்குச் சரியாக இருக்கும், உள்ளே போகப் போக நம்பகம் குறையும்.

இவை இல்லாமல் ஆபரேஷன் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பல இடங்களில் கருவியே இருக்காது. அதோடு, நாம் காற்று வருகிறது என்று உணர்வது காற்று பட்டு மூக்கின் உள்தோல் குளிர்வதால்தான். தைலம் தடவினால் மூக்கு திறந்துகொண்டது போலத் தோன்றுவதும் அதனால்தான், தடை அப்படியே இருந்தும்கூட. எனவே எண்ணும் உணர்வும் எப்போதும் ஒத்துப்போகாது. சொல்வது ஒன்று, படம் காட்டுவது வேறு என்று முட்டிக்கொள்ளும்போது, அல்லது ஒருமுறை ஆபரேஷன் செய்து தோற்ற பிறகு, இந்தக் கருவி உள்ள ஊருக்குப் போய்வருவது வீண் அல்ல.

எந்த அளவையாக இருந்தாலும் ஒருநாள் ஒருவேளை அளந்து முடிவு கட்டாதீர்கள். மூக்கின் ஒரு பக்கம் வீங்க மறுபக்கம் திறக்கும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை முறை மாறும். 1895இலேயே கைசர் என்ற ஜெர்மானியர் எழுதிவைத்த விஷயம். இரவில் ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப்பக்கம் அடைத்துக்கொள்வதையும் சேர்த்துப் பார்த்தால், எப்போதும் ஒரே பக்கம்தானா என்பதே ஒரு நல்ல சோதனை.

தம்பியிடம் சட்டைப் பையில் ஒரு குட்டி பாட்டில் இருந்தது. மூக்கில் விடும் சொட்டு மருந்து. இரண்டு வருடமாக தினமும் இரண்டு வேளை. இரண்டு டாக்டர்களிடமும் அவன் அதைச் சொல்லவே இல்லை, அவர்களும் கேட்கவில்லை. சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் வகைச் சொட்டுகளை ஒரு வாரத்துக்கு மேல் விட்டால் அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கும். விட்டதும் திறக்கும், தீர்ந்ததும் முன்னைவிட மோசமாக அடைக்கும். அந்த நிலையில் எந்தச் சோதனை செய்தாலும் பொய்தான் வரும். ஆபரேஷனை நினைப்பதற்கு முன் டாக்டர் துணையோடு அதை நிறுத்திவிட வேண்டும். இத்தனை சோதனைகளையும் விட என் மனதில் பெரிதாக நிற்பது இந்தக் குட்டி பாட்டில்தான்.

தம்பிக்குத் தொழில் பழைய வீடுகளில் கதவு, தூண் வாங்கி விற்பது. இடிபாட்டுத் தூசியும் மரத்தூளும் நாள் முழுக்க. அதனால் ஒவ்வாமைச் சோதனையும் செய்யச் சொன்னேன். தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்குச் சில நாட்கள் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்த வேண்டும். எத்தனை நாள் என்று அந்த இடத்திலேயே கேட்டுக்கொள்ளலாம்.

வாசனையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அயித்தைக்குப் பாலிப் வந்ததை நாங்கள் முதலில் அடுப்படியில்தான் கண்டோம். கல்பாசி வறுத்துக்கொண்டிருந்தார், கருகியும் தெரியவில்லை. 40 வாசனைகளைச் சுரண்டி மோந்து பார்க்கும் தாள் சோதனை 1984 முதல் உலகில் இருக்கிறது. அது கிடைக்காவிட்டாலும், ஆபரேஷனுக்கு முன்பே வாசனை எவ்வளவு தெரிகிறது என்று கேஸ் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அழகுக்காக மூக்கைத் திருத்துபவர்களுக்குப் பல கோணங்களில் புகைப்படம் எடுப்பார்கள். அவர்களும் மூச்சுச் சோதனையை விட்டுவிடக் கூடாது. எலும்பைச் சீவி ஒடுக்கினால் வால்வும் ஒடுங்கும்.

மயக்க மருந்து டாக்டரின் ஃபிட்னஸ் சீட்டை வெறும் சடங்காக நினைக்க வேண்டாம். ரத்தக் கொதிப்பு ஏறியிருந்தால் ரத்தம் வழிந்து டாக்டரின் பார்வையே மறையும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைச் சொல்ல வேண்டும். தாங்களாக நிறுத்தவும் கூடாது, இதய டாக்டரைக் கேட்டே நிறுத்த வேண்டும். நாட்டு மருந்து, லேகியம், மீன் எண்ணெய் மாத்திரை எல்லாவற்றையும் சொல்லுங்கள். பாலிப்போடு ஆஸ்துமாவும் இருந்து, வலி மாத்திரை போட்டால் மூச்சிரைக்கும் என்றால் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தாலும் சொல்ல வேண்டும். மூக்கில் பஞ்சடைத்த இரவில் அவர்களுக்கு மூச்சு நின்று நின்று வரும்.

எல்லாம் சேர்த்து என் தேர்வைக் கேட்டால்: அடைப்பு மட்டும்தான் தொல்லை என்றால் கேள்வித்தாள், கன்னம் இழுக்கும் சோதனை, மருந்துக்கு முன்னும் பின்னும் எண்டோஸ்கோப்பி. இவை மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால் சி.டி. இல்லாமலே போகலாம். சளி, முகவலி, வாசனை இழப்பு என்றால் எண்டோஸ்கோப்பியும், மருந்து முடித்த பின் எடுத்த சி.டி.யும். ஒரே பக்கம் ரத்தம் என்றால் தள்ளிப்போடாமல் எண்டோஸ்கோப்பி, அதன் பின் தேவையான ஸ்கேன். காரைக்குடியிலிருந்து சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றரை மணி நேரத்துக்குள். மதுரையோ திருச்சியோ சுமார் 90 கிலோமீட்டர். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் எந்தச் சோதனை அதில் சேரும் என்று ஆஸ்பத்திரிக் காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சோதனைக்குக் கைக்காசைக் கட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.

தம்பி சொட்டு மருந்தை விட்டான். முதல் பத்து நாள் தூங்கவில்லை. வளவில் உட்கார்ந்தே இரவைக் கழித்தான் என்று அவன் வீட்டுக்காரி சொன்னாள். ஸ்டீராய்டு ஸ்பிரேயும் உப்புநீரும் ஆறு வாரம். ஐந்து கேள்வித் தாளில் 85ஆக இருந்த மதிப்பெண் 50 ஆனது. பிறகு எண்டோஸ்கோப்பி செய்தார்கள். வலது பக்கம் தண்டின் எலும்பு முள் போல நீண்டு சதையைத் தொட்டுக்கொண்டிருந்தது, பஞ்சு வைத்த பிறகும் விலகவில்லை. சைனஸ் வாய்கள் சுத்தமாக இருந்தன. ஆக தண்டுக்கு மட்டும் ஆபரேஷன், சைனஸைத் தொடுவதில்லை என்று முடிவாகித் தைக்குப் பிறகு நாள் குறித்திருக்கிறார்கள். ஐந்து கேள்விகள் எழுதிய தாளை அந்தப் பழுப்பு உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். அதில் இரண்டு கட்டம் நிரம்பியிருக்கிறது. ஆபரேஷன் முடிந்து ஆறாம் மாதத்துக்கு ஒரு கட்டம் காலியாக இருக்கிறது.